முதல் பேரணியின் படம்

நான்காவது வரியை அந்தப் பெண்ணால் படிக்க முடியவில்லை. பவர்க்காரர் அவள் முகத்தில் மாட்டியிருந்த சோதனைச் சட்டத்திலிருந்து வில்லையை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினார். கண்ணாடிக் கடையில் முப்பது வருடமாகக் கண் சோதித்துப் பவர் எழுதுகிறவர் அவர். அதனால் தெருவில் எல்லோருக்கும் பவர்க்காரர். கேட்கிறவர்களுக்கு ஏதோ கட்சிப் பிரமுகர் போலத் தோன்றும். கையில் இருப்பதென்னவோ ஒரு வில்லைப் பெட்டிதான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்." அவள் எழுத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அண்ணனுக்கும் இடது கண்தான் மோசம். நீங்கதான் கண்ணாடி போட்டுக் கொடுத்தீங்க."

பவர்க்காரர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவள் சொன்ன அண்ணன் வாத்தியார்தான். வாத்தியாருக்கு ஒரு தங்கை இருந்தது அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு படம் வாத்தியாரின் பர்சில் இருந்தது. இப்போது அவளுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஊர்வலத்துல அவன் படத்தை ரெண்டு ஆள் உயரத்துக்கு வைக்கப் போறாங்களாம். பஸ் ஸ்டாப்புல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. முகமூடியைக் கிழிச்செறிஞ்ச முதல் மனிதர்னு." அவள் குரல் உயரவே இல்லை. "வேணாம்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமையும் கிளாஸ்னு என் பொண்ணு அந்த வழியாத்தான் காலேஜ் போறா. தாய்மாமன்னு ஒருத்தன் இருந்தான்னே அவளுக்குத் தெரியாது. நீங்க அவனைக் கூட்டிட்டுப் போனது போதும்."

கூட்டிக்கொண்டு போனது உண்மைதான். இருபத்தைந்து வருடத்துக்கு முன் அந்த நகரத்தில் தன்பாலீர்ப்பாளர்களின் முதல் வானவில் பேரணி நடந்தபோது வந்தவர்கள் பத்தொன்பது பேர். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் இருபத்திரண்டு. பூங்கா வாசலில் கிளம்பி நூலகம் வரைக்கும் போவதாக ஏற்பாடு. பாதி வழியிலேயே கலைத்துவிட்டார்கள். மொத்தமும் கால்மணி நேரம் இருக்கும். அடுத்த வருடம் யாரும் வரவில்லை. மூன்றாம் வருடம் நாற்பது பேர் வந்தார்கள், கல் விழுந்தது. அப்புறம் நூறு, ஆயிரம் என்று பெருகி, இப்போது மேளம், லாரி, முகத்தில் சாயம் பூசிக்கொண்ட கல்லூரிப் பிள்ளைகள், வாசலில் கொடி கட்டித் தொங்கவிடும் வங்கிகள். அந்தப் பத்தொன்பது பேரில் மிச்சம் இருப்பவர்கள் நாலைந்து பேர். பேரணி எப்படித் தொடங்கியது என்று யார் கேட்டாலும் வாத்தியாரின் படத்தைக் காட்டினார்கள். வெறும் முகத்தோடு, வாய் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, கோஷம் போடுகிற கணக்கு வாத்தியார்.

"அவர் கோஷம் போடலம்மா," என்றார் பவர்க்காரர்.

அவள் சட்டத்தைக் கழற்றாமலே திரும்பினாள்.

"எல்லாரும் தலையில காகிதப் பை மாட்டியிருந்தோம். கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. அவருக்கு வர்றதுக்கே இஷ்டமில்ல. வேலை போயிடும்னார். நான்தான் பைக்குள்ள யாருக்கு என்ன தெரியும்னு இழுத்துட்டுப் போனேன். வெயில். பாதியில வீசிங் வந்துடுச்சு. பையைக் கழட்டிட்டு வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கிறார், அப்பதான் பத்திரிகைக்காரன் எடுத்தான். நான் பக்கத்துலதான் இருந்தேன். தாங்கிப் பிடிச்சிருக்கலாம். போடுங்க, பையைப் போடுங்கன்னு சொல்லிக்கிட்டே நாலு அடி தள்ளிப் போயிட்டேன். என் பை கடைசி வரைக்கும் தலையிலதான் இருந்துச்சு."

மறுநாள் காலை படம் பத்திரிகையில் வந்தது. மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் நாள் வாத்தியாரின் அப்பா வேன் எடுத்துக்கொண்டு வந்து மகனை ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பவர்க்காரருக்குக் கிடைத்த ஒரே தகவல் சாவுச் செய்தி. அதுவும் காரியமெல்லாம் முடிந்து நாற்பது நாள் கழித்து, கடைக்கு வந்த யாரோ ஒருவர் வாயிலிருந்து.

அவள் மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுத்துப் பலகையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"பின்கட்டு ரூம்ல பூட்டி வச்சிருந்தார் அப்பா. சாவி அவர் இடுப்புல. பதினோரு மாசம். அன்னைக்கு மத்தியானம் வீட்டுல நான் மட்டும்தான். இழுப்பு வந்து கதவைத் தட்டினான். முதல்ல பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், அப்புறம் வெறும் தட்டல்தான். பரண்ல சுத்தியல் இருந்துச்சு. ஸ்டூல் போட்டா எட்டும். அப்பா வரட்டும்னு உக்காந்திருந்தேன், தட்டல் நிக்கிற வரைக்கும். மறுநாள் பரீட்சை எனக்கு. புத்தகத்தை மூடக்கூட இல்ல."

வெளியே முதலாளி வருகிற சத்தம் கேட்டது. பவர்க்காரர் சட்டத்தை அவள் முகத்திலிருந்து மெல்லக் கழற்றினார். மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து பதிந்திருந்தது. பவர் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு, படத்தைப் பற்றி மறுபடி ஒன்றும் சொல்லாமல் அவள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அவர் பேரணி அலுவலகத்துக்குப் போனார். எல்லாவற்றையும் நடத்துகிற இளம் வக்கீல் பெண் அவரை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"படம் அச்சாகி வந்துடுச்சு சார். அதை விடுங்க. போன மாசம் ஒரு பையன் தன்னைப் பத்தி அவங்க வீட்டுல சொல்லிட்டான், இந்தப் படத்தைப் பாத்துத்தான் தைரியம் வந்துச்சுன்னு. அவன்கிட்டப் போய் அது ஆஸ்துமாப்பான்னு எப்படிச் சொல்றது?"

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"இப்போ எங்க ஹாஸ்டல்ல இருக்கான்." அவள் மேசையில் இருந்த பேனாவை மூடினாள். "மேடையில நீங்க உங்க வாயால என்ன வேணும்னாலும் சொல்லுங்க சார். நான் தடுக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அவரை மேடையில் ஏற்றினார்கள். பூங்கா கொள்ளாத கூட்டம். பக்கத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு வாத்தியார். அந்த அளவில் அந்த முகத்தைப் பவர்க்காரர் பார்த்ததில்லை. புருவத்துக்கு மேலே வியர்வை முத்து முத்தாகத் தெரிந்தது. உதட்டோரம் வெளுத்திருந்தது. இத்தனை வெளிச்சத்திலுமா இவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மூன்று நாளாக மனப்பாடம் செய்துவைத்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"அவருக்கு மூச்சு முட்டுச்சு," என்றார். "அதான் கழட்டினார்."

கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு கைதட்டல் கிளம்பி, பூங்கா முழுக்க இடியாக விழுந்தது. மேளமும் சேர்ந்துகொண்டது. "மூச்சு முட்டுது, கழட்டு" என்று முன்வரிசையில் ஒரு பெண் பாட்டாகவே ஆரம்பித்துவிட்டாள். அவர் மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனார். இல்லை, அப்படி இல்லை, அவருக்கு வியாதி என்று சொன்னார். மேளத்தில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை. வக்கீல் பெண் மட்டும் கைதட்டாமல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு, தோளைப் பிடித்துப் படியிறக்கினாள்.

பேரணி நகர்ந்தது. அவரை முன்வரிசையில், படத்துக்குக் கீழே நடக்கவிட்டார்கள். இருபுறமும் போலீஸ் தடுப்பு. அதற்கு அப்பால் வேடிக்கை பார்க்கும் ஜனம். பஸ் ஸ்டாப்பைக் கடக்கும்போதுதான் அவளைக் கண்டார். கையில் குடையோடு வாத்தியாரின் தங்கை நின்றிருந்தாள். படத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவரைப் பார்த்தாளா என்று சொல்ல முடியவில்லை. வரிசை அவளைத் தாண்டியது.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். அவள் நடைபாதையில் வந்துகொண்டிருந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம், ஊர்வலத்தின் அதே வேகத்தில், எங்கோ வேறு வேலையாகப் போகிறவளைப் போல நேரே பார்த்தபடி. வழியில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு கடையின் சரக்கு மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்து, மறுபடி வெளியே வந்தாள். ஊர்வலம் நின்றால் நின்றாள். நூலகத்துக்கு முன்னால் நடைபாதையை வெட்டிப் போட்டிருந்தார்கள். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம். தடுப்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால்தான் மேலே நடக்க முடியும். அவள் பள்ளத்தின் விளிம்புவரை வந்து நின்று, தடுப்புக் கம்பியின் மேல் ஒரு கையை வைத்தாள்.