பூக் கேட்டு வாங்கிய லாரி

மாகாளியம்மன் கோயிலுக்குப் பின்னால், செடிகளின் மறைவில் நின்றுகொண்டு, புவனா இரண்டு வாழையிலைத் துண்டுகளிலும் வெள்ளைப் பூவையே வைத்து மடித்தாள். ஒன்றில் வெள்ளையும் மற்றதில் செவ்வரளியும் வைப்பதுதான் முறை. கல்யாணமோ, காடு வாங்குவதோ, கிணறு வெட்டுவதோ, அம்மனிடம் பூக் கேட்காமல் அந்த ஊரில் யாரும் இறங்குவதில்லை. இரண்டு பொட்டலத்தையும் காலடியில் போட்டால் பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வருகிற நிறம்தான் அம்மன் வாக்கு. அதில் திருட்டு செய்தவள் என்று ஒருத்தியைக்கூட அவள் கேள்விப்பட்டதில்லை. செவ்வரளியைக் கசக்கிச் செடிக்குள் எறிந்தாள். "ஆத்தா, என்னைய என்ன வேணாலும் பண்ணிக்கோ" என்று முணுமுணுத்துவிட்டு முன்பக்கம் வந்தாள்.

கேட்க வந்தது லாரியைப் பற்றி. அவள் புருஷன் கதிரேசன் புதிதாக டிரெய்லர் லாரி எடுக்கப் போகிறார். வெள்ளை வந்தால் மேனுவல் கியர், சிவப்பு வந்தால் ஆட்டோமேட்டிக்.

இதற்கெல்லாம் சாமியை இழுப்பார்களா என்று கேட்கலாம். கேட்பவர்களுக்கு என்ன, பங்குனியில் நடந்தது தெரியாது. அன்னூரிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையில் லோடு ஏற்றிக்கொண்டு போனபோது கதிரேசனுக்கு வாதம் வந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி பஸ் ஸ்டாப் நிழற்குடையைச் சாய்த்துப்போட்டு நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்போதுதான் பஸ் ஏறிப் போயிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை என்று ஊரே பெருமூச்சு விட்டது. புவனா மட்டும் ஒருநாள் தனியாகப் போய், நசுங்கிக் கிடந்த சிமென்ட் பெஞ்சைப் பார்த்துவிட்டு வந்தாள். அதன்பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கதிரேசனுக்குக் கை தேறிவிட்டது. இடது கால் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு, "டிரைவர் போட்டுக்கறனுங்க" என்றார். அதை நம்பித்தான் புது லாரிக்கு அவளும் தலையாட்டினாள்.

அவினாசி ரோட்டு ஷோரூமில்தான் குட்டு வெளிப்பட்டது. அங்கே வேலை பார்க்கும் மனோஜ்குமார் ஆட்டோமேட்டிக் வண்டியின் கதவைத் திறந்து, "இதுல கிளட்ச்சே கெடையாதுங்ணா. எடது காலுக்கு வேலையே இல்லைங்க" என்றான். கதிரேசனின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மனுசன் ஓட்டத்தான் வாங்குகிறார். உடனே அவள் மேனுவலுக்கு வக்கீலாகிவிட்டாள். விலை குறைவு, வழியில் நின்றுபோனால் எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பான், இருக்கிற டிரைவர்களுக்கெல்லாம் அதுதான் பழக்கம். எல்லாம் மனோஜ்குமாரே சொன்ன நியாயங்கள்தான். தினமும் கிளட்ச்சை மிதிக்க வேண்டிய வண்டியில் இவர் ஏறமாட்டார் என்பதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. விடாக்கண்டன் கொடாக்கண்டனாக ஒரு வாரம் போனது. கடைசியில் அவரேதான், "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம் அம்மணி" என்றார்.

பூசாரி நஞ்சுண்டன் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் கதிரேசனிடம் காட்டினார். "வெள்ளைங்க மாமா."

மற்றப் பொட்டலத்தைப் புவனா அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். யாரும் கேட்கவில்லை. அம்மன் வாக்குச் சொன்ன பிறகு மிச்சப் பூவை யார் பார்க்கிறார்கள்?

கோயில் வாசலிலிருந்தே கதிரேசன் மனோஜ்குமாருக்குப் போன் போட்டு, "மேனுவலே போட்டுருங்க தம்பி" என்று சுரத்தில்லாமல் சொன்னார். அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அன்று மத்தியானம் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். பழி வந்தால் தன்னோடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பார்த்தால், அவர் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, இடது பாதத்தைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். வேர்த்து வழிந்தது.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"கிளட்ச் மிதிக்கப் பழகறேன்." சிரித்தார். நோவு வந்த பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை. "நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன் புவனா. மிதிக்க முடியாதவனுக்கு ஆத்தா மேனுவலக் குடுப்பாளா? காலு தேறிரும்னு சொல்றா. எனக்குத்தான் புத்தியில்லாம ஆட்டோமேட்டிக் கேட்டிருக்கேன். ரசாக்குகிட்டயும் சொல்லிப்போட்டேன், டிரைவர் வேண்டாம்னு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்களே, அதுதான். ரசாக்கை டிரைவராகப் பேசி வைத்திருந்ததே புவனாதான். பூவில் செய்ததைச் சொல்லிவிடலாம். சொன்னால் ஆட்டோமேட்டிக்கே வாங்கி அவரே ஓட்டுவார். சொல்லாவிட்டால் இந்தக் காலோடு மேனுவலில் ஏறுவார். எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பஸ் ஸ்டாப்பில்தான் போய் முடிந்தது. வேண்டாம் என்று அழுது பார்த்தாள். "ஆத்தா வாக்குக்கு மேல உன்ற வாக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

வண்டி வருவதற்கு முந்தின நாள் அவளைக் கூப்பிட்டார்.

"செவுத்துல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. நீ உன்ற கைய வெய்யி. நான் மிதிக்கறேன். பலம் வந்திருக்குதான்னு சொல்லு."

அவள் எதிரே உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் பாதத்துக்கு முட்டுக்கொடுத்தாள். அசையக் கூடாது என்றுதான் உட்கார்ந்தாள். கை நகராவிட்டால் அவரே புரிந்துகொள்வார். அவர் பல்லைக் கடித்து மிதித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. கைக்குழந்தை எட்டி உதைக்கும் அளவுக்குக்கூட அந்தக் காலில் வலு இல்லை. அவர் தன் காலைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கைகள் தாமாகவே மெல்லப் பின்னால் போயின.

"பாத்தியா" என்றார் மூச்சு வாங்க. கண்ணில் தண்ணீர் நின்றது. "இன்னொருக்கா புடி. கெட்டியாப் புடிக்கோணும்."

புவனா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவர் இரண்டு கைகளாலும் இடது காலைத் தூக்கி, மறுபடியும் அவள் உள்ளங்கைகளில் வைத்தார்.