கிளி சொன்ன பதில்

ஆஸ்பத்திரியில் அவளைக் 'கிளி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்பானிஷ் தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான், டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் மொழிபெயர்க்கிற வேலை. சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. டாக்டர் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்பாள், நோயாளி 'நான்' என்றாலும் அவளுக்கு 'நான்'தான். அது அந்த வேலையின் சட்டம்.

அன்றைக்கென்று பார்த்து அந்தச் சட்டம் அவள் கழுத்தைப் பிடித்தது. கப்பல் வேலைக்கு வந்த பையன் ஒருவன், தலையில் அடிபட்டு மூளை செத்துக் கிடந்தான். எதிரே, ஊரிலிருந்து வந்திருந்த அவன் அம்மா, ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாதவள். அவனுடைய கல்லீரலைக் கேட்க வேண்டும். கிடைத்தால் யாருக்கு? நாலாவது மாடியில் கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடக்கிற கிளியின் சொந்த அக்காவுக்கு!

"கொஞ்சம் நயமா பேசு கிளி," என்று நர்ஸ் காதைக் கடித்தாள். "உங்க அக்கா உசுரு உன் வாயிலதான் இருக்கு."

"மகனோட கல்லீரலைக் கொடுப்பாங்களான்னு கேளுங்க," என்றார் டாக்டர்.

கொடுப்பதற்கு ஸ்பானிஷில் சொல்லுக்கா பஞ்சம்? ஆஸ்பத்திரிச் சொல்லான 'தோனார்' என்று ஆரம்பித்தாள். அந்த அம்மா மலங்க மலங்க விழித்தாள். 'ரெகலார்' என்றால் பிறந்தநாள் பரிசு மாதிரி ஆகிவிடும். 'என்த்ரெகார்' என்றால் போலீஸில் ஒப்படைக்கிற மாதிரி. மிச்சமிருந்தது வீட்டுச் சொல், 'தார்'. ரொட்டி கொடு, கை கொடு, பிள்ளைக்குப் பால் கொடு, எல்லாவற்றுக்கும் அதுதான். அதைச் சொன்னதும் புரிந்துவிட்டது. ஐயோ, நன்றாகவே புரிந்துவிட்டது.

அந்த அம்மா மெதுவாகத்தான் பதில் சொன்னாள். டாக்டர் கிளியின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஸ்பானிஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. 'யோசிக்க நேரம் கேக்கறாங்க' என்று டாக்டர் பக்கம் ஒரு பொய், 'கொடுத்தே ஆகணும்' என்று அம்மா பக்கம் ஒரு பொய், வேலை முடிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு வாய்தான்.

"நான் அவனுக்குப் பால் கொடுத்தேன்," என்றாள் கிளி டாக்டரிடம். "கப்பல்காரங்க கேட்டாங்க, பிள்ளையையே கொடுத்தேன். இனிமே நான் எதையும் கொடுக்க மாட்டேன். முழுசா கொண்டுபோய்ப் புதைக்கணும்."  தன் வாயாலேயே அக்காவுக்கு இல்லை என்று சொல்லியாயிற்று.

மாடி ஏறிப் போனாள்.

"அந்தம்மா என்னடி சொன்னாங்க?" என்றாள் அக்கா. கல்லீரல் கேட்கப் போகிற சேதியை நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள்.

"கொடுக்க மாட்டேன்னாங்கக்கா."

"நீ டாக்டர்கிட்ட என்ன சொன்னே?"

"அதையேதான் சொன்னேன்."

 "எனக்காக ஒரு வார்த்தை மாத்திச் சொல்லக் கூடாதாடி?" என்றாள் அக்கா.

கிளி, விலகியிருந்த போர்வையை இழுத்து அக்காவின் காலை மூடினாள். அக்கா காலை இழுத்துக்கொண்டாள்.