டர்போவுக்குத் தைத்த சட்டை

1

இந்தக் கதை அக்கா திட்டியதில் பிறந்தது. என் முந்தைய கதையொன்றில் நாயகன் ஸ்போர்ட்ஸ் காரை மலையுச்சி வரை விரட்டி வந்து நிறுத்துகிறான், பானெட்டைத் திறக்கிறான், எஞ்சின் மேல் பாசமாகக் கை வைக்கிறான். அடுத்த பத்தியில் காதலிக்குப் பூ கொடுக்கிறான். அச்சில் வந்த அன்றே அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

"பூவை எந்தக் கையால குடுத்தான்? வச்ச கை வெந்து போயிருக்குமே."

தெரியாததை எழுதாதே, எங்கள் வீட்டில் நடந்ததை எழுது என்றாள். எழுதியதை முதலில் தனக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டாள். ஒப்புக்கொண்டேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதை நீங்கள் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

அவளுடைய மனத்தைப் போலவே அந்த எஞ்சினும் கொதித்துக்

(இதற்கு மேல் போகவில்லை. "என் மனசு கொதிக்கலை, ரேடியேட்டர் தண்ணிதான் கொதிச்சுது" என்று அக்கா ஓரத்தில் எழுதிவிட்டாள்.)

அடுத்து ஒரு கட்டுரைத் தொடக்கம் எழுதினேன். அதைப் படித்துவிட்டு, சரியாக இருக்கிறது, தூக்கமும் நன்றாக வருகிறது என்றாள். ஆனாலும் அதில் நான்கு வரி உங்களுக்குத் தேவை. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுழலும் ஒரு சின்னச் சக்கரம்தான் டர்போ. அது சுழன்று வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பலம் கூடும், பலத்தோடு சூடும் கூடும். பானெட்டுக்குள் சூடு எல்லை மீறினால், காரில் இருக்கும் கணினி எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகப் பலத்தைத் தானே குறைத்துவிடும்.

அவ்வளவுதான். தூங்கவில்லையே?

3

அக்கா பல் மருத்துவர். ஐம்பதைத் தாண்டியவள். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய மஞ்சள் நிற டர்போ கார் ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருக்கிறாள். கார்ப் பிரியர்கள் சங்கம் ஒன்று வருடத்துக்கு ஒருமுறை மலைப்பாதையை அடைத்து, ஒவ்வொருவராக மேலே ஏறவிட்டு நேரம் பார்க்கும். அதில் அக்காவும் ஏறுவாள்.

போன வருடம் பாதி மலையில் ஒரு ரப்பர்க் குழாய் டர்போவின் சூட்டில் வெடித்தது. உள்ளே ஓடிய தண்ணீர் பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் பீய்ச்சி அடித்தது. எழுந்தது வெறும் நீராவிதான். ஆனால் மேல் வளைவில் நின்ற அத்தானுக்குத் தெரிந்தது மரங்களுக்கு மேலே கிளம்பிய வெள்ளைப் புகை மட்டும். அக்கா தெரியவில்லை. அவர் அங்கிருந்து இறங்கி ஓடினார். ஒரு செருப்பு வழியில் போயிற்று. போய்ச் சேர்ந்தபோது அக்கா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, நேரம் போச்சே என்று புலம்பிக்கொண்டிருந்தாளாம். அவர் திரும்பி நடந்து செருப்பைத் தேடினாராம்.

4

அத்தான் சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைப்பவர். அவரைப் பாத்திரமாக்குவதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. சண்டை போட மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். கதைக்கு உதவாத குணம். பேசாமல் அவரைக் குடிகாரராக்கிவிடலாமா என்று யோசித்தேன். (ஓரத்தில் அக்காவின் குறிப்பு: "ஆக்கிப் பாரேன்.")

இந்த வருடம் சூட்டுக்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று அக்கா முடிவெடுத்ததும், பட்டறைக்காரர் டர்போவுக்கு ஒரு சட்டை போடலாம் என்றார். இந்தப் பட்டறைக்காரர் எதைக் கேட்டாலும் "பொறுங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அதனால் ஊரில் அவருக்கு அதுவே பெயர். பழுக்கக் காயும் உலோகத்தைச் சூடு தாங்கும் துணியால் போர்த்திவிட்டால், சூடு பக்கத்துக் குழாய்கள் மேல் பரவாமல் புகையோடு வெளியே போகும் என்று பொறுங்க விளக்கினார். கடையில் விற்கும் சட்டை இந்த டர்போவின் அளவுக்குப் பொருந்தாது என்றும் சொன்னார்.

"அளவு எடுக்க எனக்குத் தெரியும்" என்றார் அத்தான்.

காகிதத்தில் அச்சு வெட்டி, கண்ணாடி இழைத் துணியில் எஃகு நூலால் தைத்தார். கண்ணாடித் தூசு முழங்கை வரை அரித்தது. இரவெல்லாம் சொறிந்துகொண்டே கிடந்தார். தைத்து முடித்த சட்டை, ஏதோ பெருத்த நத்தைக்குப் போட்ட கோட்டு மாதிரி இருந்தது. கச்சிதமாகப் பொருந்தியது.

5

சட்டை போட்டு முதல்முறை பயிற்சிக்காக மலையேறியபோது, சூடு காட்டும் முள் போன வருடம் போன இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சங்கத்தில், மருத்துவமனையில், பல்லைக் காட்டிக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் படுத்திருந்த நோயாளிகளிடம்கூட, தன் வீட்டுக்காரர் தைத்த சட்டையைப் பற்றிச் சொன்னாள். சங்கத்தில் இருவர் தங்களுக்கும் தைத்துத் தரச் சொல்லிக் கேட்டார்கள். அத்தான் வேலை நிறைய இருக்கிறது என்று தட்டிக்கழித்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆனால் மலையேறும் நேரம் குறையவில்லை. கூடியது. அடுத்த வாரம் இன்னும் கூடியது. முள் ஒழுங்காக இருக்கிறது, கார் குளிர்ச்சியாக இருக்கிறது, அப்படியானால் குறை யாரிடம்?

தன்னிடம் என்று அக்கா முடிவு கட்டினாள். வளைவில் பயப்படுகிறேன் போல, கால் முன்பு மாதிரி அழுத்துவதில்லை என்றாள். பிறகு அது காரோடு நிற்கவில்லை. சிக்கலான கடைவாய்ப் பல் வந்தால், உடன் வேலை பார்க்கும் இளைய டாக்டரிடம் அனுப்பத் தொடங்கினாள். கேட்டால், அவளும் கற்றுக்கொள்ளட்டும் என்றாள்.

6

இந்தப் பகுதியில் நானும் இருந்தேன், அதனால் என்னை நம்பலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வண்டியை வித்துடலாம்னு இருக்கேன். என் கை பழைய மாதிரி இல்லை. வேலையிலயும்தான்."

அத்தான் தண்ணீர் எடுத்துக் குடித்தார். தம்ளரைக் கீழே வைக்க இடம் தேடுகிறவர் மாதிரி சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"உன் கைக்கு ஒண்ணும் இல்லை. வண்டியிலதான் காத்தைக் குறைச்சிருக்கு. நான்தான் பொறுங்ககிட்ட குறைக்கச் சொன்னேன்."

சட்டை மாட்டிய அன்றே டர்போவின் காற்றழுத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். பொறுங்க முதலில் மறுத்திருக்கிறார். இவர் அந்த வெள்ளைப் புகையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவர் மறுக்கவில்லை, நீங்களே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அழுத்தம் குறைந்தால் பலம் குறையும், சூடும் குறையும். இத்தனை நாள் அக்கா ஓட்டியது பாதி மூச்சில் ஏறும் காரை.

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேறொன்று கேட்டாள்.

"அப்போ, சூடு குறைஞ்சது உங்க சட்டையால இல்லையா?"

"கொஞ்சம் குறைஞ்சிருக்கும்" என்றார் அத்தான்.

"ஊரெல்லாம் சொன்னேனே."

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தும் சத்தம்கூட வரவில்லை. நான் மீதிச் சோற்றைச் சாப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். (சாப்பிட்டுவிட்டேன்.)

7

கதையை முடிக்க எனக்கு இந்த இடத்தில் ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது.

மாற்று முடிவு, ஒன்று: அக்கா ஆத்திரத்தோடு காரை எடுத்துக்கொண்டு மலையேறுகிறாள். கார் தீப்பற்றுகிறது. அத்தான் தீயை

(அக்கா: "வண்டிக்குக் காப்பீடு நீ கட்டுறியா?")

மாற்று முடிவு, இரண்டு: இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

(அத்தான், முதல்முறையாக, பென்சிலில்: "இது வேண்டாம் மாப்ளே.")

நடந்தது என்னவென்றால், பேச்சு நின்றது. உப்பு எங்கே, சாவி எங்கே என்பதோடு சரி. அக்கா நேராகப் பட்டறைக்குப் போய், பொறுங்கவைப் பேசவிடாமல் திட்டி, அழுத்தத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் காலை மருத்துவமனையில் ஒரு கடைவாய்ப் பல்லைத் தானே எடுத்தாள். வேர் மூன்றும் ஒழுங்காக வந்ததாம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னாள், அத்தானுக்குக் கேட்கிற மாதிரி.

8

அழுத்தம் திரும்பியது, சூடும் திரும்பியது. முள் மறுபடி மேலே ஏறியது. சட்டை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. குழாய்கள் பிழைத்தன. ஆனால் முன்பக்கம் வழியாக உள்ளே வரும் காற்று ரேடியேட்டரைக் கடந்ததும் சுட்டுப்போய், வெளியேற வழியில்லாமல் பானெட்டுக்கு அடியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. ஒரே வழிதான் இருக்கிறது, பானெட்டை வெட்ட வேண்டும் என்றார் பொறுங்க. ரேடியேட்டருக்குப் பின்னால் வரிசையாகத் திறப்புகள் வைத்தால் வெந்த காற்று மேலே எழும்பிப் போய்விடும். மழை பெய்தால் உள்ளே ஒழுகும், அதற்கு ஒரு மூடி செய்துகொள்ளலாம். ஆனால் வெட்டு ஓர் இழை கோணினாலும் அசிங்கமாகிவிடும், வெட்டியதை ஒட்டவும் முடியாது.

அன்று மாலை அக்கா அத்தானின் தையல் அறை வாசலில் போய் நின்றாள்.

"கோடு போடணும். வர்றீங்களா?"

அவர் சுண்ணக்கட்டியையும் வளைவுக் கோடு போடும் வளைகோலையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பட்டறையில் மஞ்சள் பானெட்டின் மேல் குனிந்து, நீலச் சுண்ணத்தால் கோடு போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். எங்கே சூடு அதிகம் என்று கேட்டார். அக்கா விரலால் காட்டினாள். அவர் கோட்டை அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளினார். அவருக்குப் பிடிக்காத ஒரு காரியத்துக்கு, அவரே அளவெடுத்துக்கொண்டிருந்தார். பயம் போய்விட்டதா என்று நான் தனியாகக் கேட்டேன். "அது எங்க போகும்" என்றார். "சொல்லாம வச்சிருந்ததுதான் போயிடுச்சு."

வெட்டும்போது அவர் வெளியே போய் நின்றுகொண்டார். தகரம் கிழிபடும் சத்தம் தெருவரை கேட்டது.

9

போட்டியன்று நானும் அத்தானும் மலையுச்சியில் நின்றோம். அவர் கையில் ஒரு தீயணைப்பான். அக்காவே சம்மதித்து வாங்கித் தந்தது. கீழே எங்கோ கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வளைவுக்கு வளைவு சத்தம் மறைந்து மறைந்து வந்தது. மரங்களுக்கு மேலே அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே ஒன்றும் எழவில்லை. கடைசி வளைவில் மஞ்சள் மூக்கு திரும்பியது. பானெட்டின் திறப்புகளுக்கு மேல் காற்று நெளிந்தது, சாலை தண்ணீருக்குள் தெரிவது போல் ஆடியது.

அவள் இதுவரை ஏறியதிலேயே மிகக் குறைந்த நேரம். பட்டியலில் நடுவுக்குக் கொஞ்சம் கீழே. (முதலிடம் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டாள்.)

எல்லைக்கோட்டைத் தாண்டி ஓரமாக நிறுத்தினாள், ஆனால் எஞ்சினை அணைக்கவில்லை. ஓடி வந்த டர்போவைச் சட்டென்று அணைத்துவிடக் கூடாதாம். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, எண்ணெய் சுற்றிச் சுற்றி அதன் சூட்டை ஆற்றிய பிறகுதான் அணைக்க வேண்டுமாம். அத்தான் தீயணைப்பானை என் கையில் திணித்துவிட்டுப் போய், மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். அந்தக் காரில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணாடிகள் மூடியிருந்தன.

அவர்கள் பேசினார்கள். எஞ்சின் சத்தத்தில் ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. பிறகு அக்காவிடம் கேட்டதற்கு, அது கதையில் வராது என்றாள். அத்தானிடம் கேட்டேன். அவர் பென்சிலைத் தேடுவது போல் நடித்தார்.

ஆகவே அதை எழுத வேண்டியது நீங்கள்தான். வெளியில் நின்று பார்த்ததை மட்டும் தந்துவிடுகிறேன். முதலில் பேசியவர் அவர். அவள் முன்னால் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள், இரண்டு முறை தலையை ஆட்டினாள், ஒருமுறை சிரித்தாள். பிறகு அவள் ஏதோ நீளமாகச் சொன்னாள், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டர்போ ஆறுவதற்கு வேண்டிய நேரம் முடிந்து வெகு நேரமாகியும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் வீணாகிறதே என்று எனக்குத் தோன்றியது. கண்ணாடியைத் தட்டலாம் என்று கையைத் தூக்கி, தட்டாமல் இறக்கிக்கொண்டேன்.