சட்டையில் கறை இல்லாத மாமா

ஞாயிற்றுக்கிழமை காலை நான் மூன்றாம் மாடிக்குப் போனது ஸ்க்ரூ டிரைவர் இரவல் கேட்கத்தான். எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருப்பது வேறு விஷயம். அங்கே குடியிருக்கும் போட்டோக்காரப் பெண் முந்தின நாள்தான் எங்கள் கட்டடத்துக் கல்யாணத்தைப் படம் எடுத்திருந்தாள். இரண்டாம் மாடிச் சின்னவளுக்குப் பதிவுத் திருமணம். மூவாயிரத்து எண்ணூறு படம்! இதைக் கேட்ட பிறகும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க நான் என்ன கல்லா?

அவள் திரை முழுக்கத் தபால்தலை அளவில் படங்கள். அம்பு விசையைத் தட்டுகிறாள், ஒன்றுக்கு நட்சத்திரம் போடுகிறாள், ஒன்றுக்குச் சிவப்புக் கொடி போட்டுக் கழிக்கிறாள்.

"நேரா எடிட்டிங்ல போட்டு அழகு பண்ண வேண்டியதுதானே?" என்றேன்.

"துணியைப் பிரிக்காம மெஷின்ல போடுவீங்களா ஆன்ட்டி? முதல்ல நேரப்படி அடுக்கணும், பார்க்கணும், கழிக்கணும். எடிட்டிங் எல்லாம் அப்புறம்."

நேரப்படிதான் அடுக்கியிருந்தாள். பதினொன்று இருபதுக்குச் சின்னவள் கையெழுத்துப் போடுகிறாள். பேனா, விரல், மூக்கு நுனி வியர்வை, அவ்வளவு நெருக்கத்தில். அதற்கு அடுத்த கட்டத்தில், அதே பதினொன்று இருபதுக்கு, அவளுடைய அக்கா வெளிக்கதவுப் பக்கம் நின்று ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏன் என்றால், அம்மா இல்லாத வீடு அது. பெரியவள்தான் சின்னவளைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கியவள். "கையெழுத்துப் போடறப்ப நீ என் பின்னாடி நிக்கணும்க்கா, வேற எதுவும் வேணாம்" என்று சின்னவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது கட்டடத்துக்கே தெரியும். (தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருந்தேன்.) கையெழுத்து அறை சின்னது என்று எங்களையெல்லாம் வராந்தாவிலேயே உட்கார வைத்துவிட்டதால் உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட அக்கா அந்த நிமிடத்தில் ஐஸ்கிரீம் தின்றாளாம்!

நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். அது அவர்களுடைய அத்தையாகப் போய்விட்டது. அத்தை அதற்குக் கண், காது, மூக்கு வைத்துச் சின்னவளிடம் ஒப்பித்துவிட்டாள். சின்னவள் மேலே ஓடிவந்து தன் கண்ணாலேயே திரையைப் பார்த்தாள். அக்கா, "உன் பின்னாடிதான்டி நின்னேன், தோள்ல கை வெச்சேனே" என்றாளாம். "அது என் மாமியார் கை. கம்ப்யூட்டர்ல நேரம் போட்டிருக்குக்கா, பொய் சொல்லாதே" என்றாளாம் இவள். மாமியார்க்காரியைக் கேட்டால், அந்த அறையில் தான் எதையும் கவனிக்கவில்லை, மகனைத்தான் பார்த்தேன் என்றுவிட்டாள். மாப்பிள்ளைக்கோ பயத்தில் தன் இன்ஷியலே மறந்திருந்தது, அவரைக் கேட்டு என்ன பயன்?

அதோடு சரி, பேச்சு வார்த்தை இல்லை. பெரியவளோ செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு விமான நிலையம் கிளம்புகிறாள். இரண்டு வருட வேலை ஒப்பந்தம், நடுவில் விடுமுறை கிடையாது.

செவ்வாய் மூன்று மணிக்கு நான் மறுபடி மேலே போனேன். இந்த முறை ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுக்க.

"வாங்க, வந்து பாருங்க நீங்க பண்ணின வேலையை!" என்றாள் போட்டோக்காரி. கண் சிவந்திருந்தது. "என் முதல் கல்யாண வேலை ஆன்ட்டி. ஆல்பமே வேணாம்னு அனுப்பிட்டா அந்தப் பொண்ணு."

"நான் என்னடி பண்ணினேன்? உன் கம்ப்யூட்டர்தானே காட்டுச்சு? நீயும் அந்த ரூம்லதானே இருந்தே, பார்க்கலியா?"

"தரையில உக்காந்து பேனாவைப் பார்த்துட்டு இருந்தேன். பின்னாடி யானை நின்னாலும் எனக்குத் தெரியாது."

வாய்தான் அவளோடு சண்டை போட்டது, கண் சும்மா இருக்குமா? அந்த ஐஸ்கிரீம் படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். பெரியவளுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தாய்மாமா நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, சலவையிலிருந்து அப்போதுதான் வந்ததுபோல.

"இவர் சட்டையில காப்பி எங்கே?"

"என்ன காப்பி?"

"உள்ளே நுழையறப்பவே மொத்த கப்பையும் மேல கொட்டிக்கிட்டாரே! நான்தான் காகிதம் கொடுத்துத் துடைக்கச் சொன்னேன். துடைச்சுத் துடைச்சு நெஞ்சு முழுக்க வரைபடம் மாதிரி ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தான் கையெழுத்து. கறை முதல்ல வந்து, அப்புறம் காணாமப் போயி, சாப்பாட்டு நேரத்துல திரும்ப வருமா?"

போட்டோக்காரியின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.

"ஆன்ட்டி, இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். அவள் படத்தின் விவரத்தைத் திறந்தாள். "ஐயோ! இது ரெண்டாவது கேமரா. அவர் எடுத்தது!"

அவர் என்றால் அவளுடைய வீட்டுக்காரர். மருந்துக்கடை வைத்திருப்பவர். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒரு வார்த்தை பேசுவார் என்பதால் நாங்கள் அவருக்கு மாத்திரை என்று பெயர் வைத்திருக்கிறோம். கல்யாணத்தன்று கடையைப் பூட்டிவிட்டு மனைவிக்குத் துணையாக இன்னொரு கேமராவைத் தூக்கினார். போனைப் போட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"கேமராவுல மணி சரியா வெச்சீங்களா?"

"பேட்டரி மாத்தினேன். மணி கேட்டுச்சு. ஓகே அழுத்தினேன்."

"என்ன மணின்னு பார்க்காமலா?"

"ஆமா."

"கையெழுத்துப் போட்டதை எடுத்தீங்களா?"

"எடுத்தேனே. வாசப்படியில நின்னு."

"மூணு நாளா இங்கே வீடு பத்தி எரியுது, ஏங்க சொல்லலை?"

"யாரும் கேக்கலை."

போனை வைத்தாள். மணி மூன்று ஐம்பது. அதற்கப்புறம் அவள் வேலை செய்த வேகம் இருக்கிறதே! "ரெண்டு கேமராவுலயும் ஒரே நிமிஷத்தைப் பிடிச்ச படம் ஒண்ணு வேணும் ஆன்ட்டி. அது கிடைச்சா, எவ்வளவு தள்ளி ஓடுதுன்னு கணக்குப் போட்டுடலாம்."

"காப்பி கொட்டினப்ப நீ பக்கத்துலதானே நின்னே?"

நின்றிருந்தாள். அவள் கேமராவில் பத்து ஐம்பதுக்கு மாமா வாயைப் பிளக்கிறார், கப் பாதிச் சரிவில். மாத்திரையின் படங்களைத் தனியாகப் பிரித்துத் தள்ளிக்கொண்டே போனாள். "இல்லை... இல்லை... இது இல்லை..." நான் நாற்காலியின் விளிம்புக்கே வந்துவிட்டேன். "நிறுத்து! நிறுத்துடி!" அதே பிளந்த வாய், அதே சரிந்த கப், மறு பக்கத்திலிருந்து. நேரம் பதினொன்று முப்பத்தேழு.

"நாப்பத்தேழு நிமிஷம் முன்னாடி ஓடியிருக்கு!" என்று கத்தினாள்.

மாத்திரை எடுத்த எல்லாப் படங்களையும் ஒருசேரத் தேர்ந்து, நாற்பத்தேழு நிமிடம் பின்னுக்குத் தள்ளி, ஒரு விசையைத் தட்டினாள். திரையில் இருந்த அத்தனை கட்டங்களும் இடம் மாறின. பேருந்து நின்றதும் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொள்வார்களே, அப்படி. ஐஸ்கிரீம் பத்து முப்பத்து மூன்றுக்குப் போய் உட்கார்ந்தது, எல்லோரும் வாசலில் சும்மா நின்ற நேரத்துக்கு. அவள் இன்னும் திறந்தே பார்க்காத சாப்பாட்டுப் படங்களின் நடுவிலிருந்து ஏழு படங்கள் கிளம்பி வந்து பதினொன்று இருபதில் நின்றன.

ஏழிலும் பெரியவள். தங்கையின் தோளில் ஒரு கை. இன்னொரு கையில் பூச்செண்டு, கைப்பை, மாப்பிள்ளையின் மூக்குக் கண்ணாடி எல்லாம் ஒன்றாக. கண்ணை இறுக்க மூடி, உதடு கோணி, மூக்கு சிவந்து அழுகிறாள், சத்தம் வராமல். இவளைப் பற்றியா நான் அப்படிப் பேசினேன்?

"வெளிச்சம் கம்மியா இருக்கு, கொஞ்சம் தூக்கிவிட்டு..." என்று அவள் எடிட்டிங்கைத் திறக்கப் போனாள்.

"மணி நாலரை! அப்படியே தூக்குடி!"

அவள் மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் பின்னால். முழங்கால் வலி இருக்கிறது என்று மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன், அன்றைக்கு அது எங்கே போனதோ தெரியவில்லை.

கீழே டாக்ஸி வந்து நின்றிருந்தது. பெரியவள் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். சின்னவள் இரண்டாம் மாடி ஜன்னலில் நின்று, பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கி வாடி! தப்பு உங்க அக்கா மேல இல்லை, கேமரா மேல! அதுக்கப்புறம் என் மேல!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். சொல்லியாயிற்று. அத்தனை ஜன்னலும் திறந்தது.

சின்னவள் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். டாக்ஸியின் முன்பக்கத்தில் கணினியை வைத்து, ஏழு படத்தையும் போட்டோக்காரி வரிசையாகக் காட்டினாள். கறை, கடிகாரம் என்று நான் விளக்கப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

"இது உன் கைதானாக்கா?" என்றாள் சின்னவள்.

"மூணு நாளா வேற என்னடி சொல்றேன்?"

"ஏன் அழுதே?"

"எவ அழுதா? வெளிச்சம் கண்ணைக் கூசுச்சு."

"ஏழு படத்துலயுமா?"

சின்னவள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்ட வேகத்தில் இரண்டு பேரும் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஆல்பத்துல முதல் பக்கம் இதான். எதையும் மாத்தக் கூடாது" என்றாள் சின்னவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"என் மூக்கைப் பாருடி, தக்காளி மாதிரி! சிவப்புக் கொடியோ என்னமோ போடுவாளாமே, அதைப் போடச் சொல்லு!"

"மாட்டேன்."

"ஏறுறீங்களா இல்லியா?" என்றார் டாக்ஸிக்காரர்.

சின்னவள் செருப்பில்லாமலே ஏறினாள், கணினியை மடியில் வைத்துக்கொண்டு. "என் லேப்டாப்!" என்று போட்டோக்காரி முன் இருக்கையில் தாவி ஏறினாள். பின்னால் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லைதான். ஆனால் இறங்கு என்றும் சொல்லவில்லையே.

"பதினோரு பர்சன்ட்தான் சார்ஜ் இருக்கு. சீக்கிரம் பாருங்க" என்றாள் போட்டோக்காரி, திரும்பி.

"அப்ப முதல்ல இருந்து போடு" என்றாள் பெரியவள்.