சுவரைப் பார்த்த கோப்பை

ஓய்வுக் காலத்துக்கு ஊர் தேடித் தேடியே மார்லிஸ் டாப்பன் ஓய்ந்து போயிருந்தாள்.

அரிசோனாவில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஃப்ளோரிடாவில் பார்க்கப்போன வீட்டின் பின்பக்கக் குளத்தில் முதலை ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கரோலினாவின் மலையூர் அழகுதான். ஆனால் தபால்பெட்டி வரை போய் வருவதற்குள் முழங்கால் கெஞ்சியது. சாவன்னாவின் பாசி தொங்கும் மரங்களைப் பார்த்து மயங்கி நின்றவளை, "இந்தப் புழுக்கத்துல என்னை அவிச்சுத் திங்கப் போறியா?" என்று டெல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

டெல் அவள் கணவன். டெல்பர்ட் டாப்பன். வாழ்நாள் முழுக்க ஐயோவாவில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தவன். வாய் ஓயாதவன்.

கடைசியாக வந்த ஊர் ஸ்லேட் ஹார்பர். மினசோட்டாவின் வடகோடி, சுப்பீரியர் ஏரிக்கரை. ஒரே தெரு, ஒரு மீன்பிடித் துறை, மஞ்சள் இலை உதிர்க்கும் அக்டோபர் மரங்கள். காலையில் பார்த்த நீல வீட்டின் சமையலறை ஜன்னலில் நின்று டெல் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தபோது மார்லிஸ் முடிவு செய்துவிட்டாள். இதுதான். மிச்சம் இருக்கும் காலத்தை இவனோடு இந்த ஜன்னலோரம் கழித்துவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

வீட்டுத் தரகர் கெயில் மதியத்துக்கு மேல் சாவியோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். அதுவரை பொழுது போக வேண்டுமே என்று இருவரும் பெர்னியின் காபிக் கடைக்குள் நுழைந்தார்கள்.

சுவர் முழுக்கக் கொக்கிகள். கொக்கிக்கு ஒரு கோப்பை. கோப்பையில் ஒரு பெயர். உள்ளே வந்த மீனவர்கள் தங்கள் கோப்பையை எடுத்துத் தாங்களே காபி ஊற்றிக்கொண்டார்கள்.

"அட, எங்க ஊர்க் கடையிலயும் இப்படித்தான்!" டெல் எழுந்துவிட்டான்.

"உட்காரு டெல். வந்து கேப்பாங்க."

"கேக்கறதுக்குள்ள எனக்கு எழுபது ஆயிடும். அங்க பாரு, கடைசி வரிசையில. பேரு சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கா? அப்படின்னா ஆளு ஊர்ல இல்ல. யாரு வேணா எடுத்துக் குடிக்கலாம். ஐயோவாக்காரனுக்கே சொல்லித் தரியா?"

எடுத்தான். ஊற்றினான். நின்றபடியே பாதிக் கோப்பையைக் குடித்தும்விட்டான்.

கடையில் கரண்டிச் சத்தம் நின்றது.

சமையலறையிலிருந்து பெர்னி வெளியே வந்தாள். அறுபதைத் தாண்டியவள், இடுப்பில் மாவுக் கறை படிந்த துணி.

"கண்ணு, அதைக் கீழ வை."

"காபி பிரமாதம்மா."

"கீழ வைன்னேன்."

மூலையில் இருந்த கிழவர் மெல்லக் கேட்டார். "குடிச்சிட்டானா?"

மார்லிஸுக்கு முகம் சிவந்தது. எழுந்து வந்து பெர்னியின் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிடுங்க. எங்க ஊர்ல திருப்பி மாட்டினா..."

"இங்க திருப்பி மாட்டினா செத்துப்போனவங்க கோப்பை." பெர்னி குரலைத் தாழ்த்தினாள். "அது ஆரின் ஸ்கோக்லண்டோடது. ஒரு வசந்தத்துல வலை எடுக்கப் போனான். படகு வந்துச்சு. ஆளு வரல."

டெல் சங்கடமாகச் சிரித்தான். கோப்பையை வைத்தான். பிறகு மேஜையிலிருந்த சர்க்கரையை எடுத்து அதில் கொட்டினான். ஒரு கரண்டி. இன்னொன்று. மேலும் ஒன்று.

மார்லிஸ் அவனையே பார்த்தாள். கல்யாணமான நாள் முதல் அவன் காபியில் சர்க்கரை போட்டு அவள் கண்டதில்லை.

"டெல், என்ன பண்ற?"

"கசக்குது" என்றான். குனிந்து மேஜைக்கு அடியில் கை நீட்டினான். "ஓலி... வாடா. ஏண்டா இப்படி இளைச்சுப் போயிட்ட?"

அடுப்போரம் படுத்திருந்த கிழட்டு நாய் தடுமாறி எழுந்தது. நொண்டியபடி வந்து அவன் முழங்காலில் முகத்தை வைத்து முனகியது.

"ஆரினோட நாய் பேரு உனக்கு யாரு சொன்னா?" என்றார் மூலைக் கிழவர்.

"யாரு சொல்லணும்? ஓலிதானே இவன்."

அந்தக் கிழவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பெர்னியின் முகத்தில் ரத்தமில்லை. துணியால் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"வா, போகலாம்" என்று மார்லிஸ் அவன் கையைப் பற்றி வெளியே இழுத்து வந்தாள்.

வந்த வழி வேறு. அவன் நடந்த வழி வேறு. மீன் புகை போடும் கொட்டகைக்குப் பின்னால், இரண்டு வேலிகளுக்கு நடுவே, ஒரு சந்து. அப்படி ஒன்று இருப்பதே வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. முடிவில் துருப்பிடித்த கதவு. டெல் தோளால் அதைச் சற்றுத் தூக்கி, காலால் கீழே தட்டினான். திறந்துகொண்டது.

"டெல், விளையாடாத. எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பயம்? காத்து திரும்புது, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள்ள அலை எழும்பிடும்."

பேருந்து எஞ்சினைத் தவிர எதையும் அறியாதவன் காற்றைப் பற்றிப் பேசுகிறான்.

அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். "என்னைப் பார். நம்ம பொண்ணு பேரு என்ன?"

சிரித்தான். "இதென்ன கேள்வி?"

"சொல்லு."

சிரிப்பு மெல்லக் கரைந்தது. உதடுகள் எதையோ தேடின. கண்களில் ஒரு நொடி அவளுடைய டெல் தெரிந்தான். பயந்துபோன டெல். கிணற்றின் அடியிலிருந்து அண்ணாந்து பார்ப்பவனைப் போல.

"மார்லி..." என்றான். "எனக்கு ஞாபகம் வரல. என்னைக் கூட்டிட்டுப் போயிடு."

"இங்கயே நில்லு. கார் எடுத்துட்டு வரேன். நகரக் கூடாது!"

ஓடினாள். முழங்கால் வலி நினைவே வரவில்லை. காரைக் கிளப்பித் தெருவைச் சுற்றி அவள் வந்தபோது, துருக்கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. பின்னாலேயே வந்திருந்த நாய் மட்டும் துறையின் பக்கம் பார்த்துக் குரைத்தது.

துறையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பெர்னியும் இருந்தாள். எல்லோருடைய கைகளும் சட்டைப் பைக்குள். எல்லோருடைய பார்வையும் தண்ணீரில்.

கரையில் வருடக்கணக்காகக் கவிழ்ந்து கிடந்த ஆரினின் படகு அந்த இடத்தில் இல்லை. தூரத்தில், சாம்பல் நிற நீரில், துடுப்பு ஏறி இறங்கியது. முதுகைக் காட்டாமல், கரையைப் பார்த்தபடி நின்றுகொண்டே துழாவிப் போனான் டெல். அவனுக்கு நீச்சல் தெரியாது.

"ஏன் எல்லாரும் சும்மா நிக்கிறீங்க?" என்று அலறினாள் மார்லிஸ்.

"வலை ஏரிக்குள்ளயே கிடக்காம். எடுத்துட்டு வந்துடறேன்னு சொன்னான்" என்றார் தொப்பிக் கிழவர். "அன்னிக்கும் இதையேதான் சொன்னான்."

"டெல்! டெல்பர்ட்!"

அவன் முகம் இந்தப் பக்கம்தான் இருந்தது. கண்கள் அவளைத் தாண்டி எங்கோ பார்த்தன. துடுப்பு நிற்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஏரியின் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு எழும்பி, அகன்றுகொண்டே வந்தது.

"டெல்! என் ராஜா, திரும்பி வா!"

பெர்னி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "அந்தப் பேரு அவன் காதுல விழாது கண்ணு."

"அப்ப எந்தப் பேரு விழும்?"

மார்லிஸ் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஆரின்னு கூப்பிட்டா விழும்."

"கூப்பிடுங்களேன்! எல்லாரும் சேர்ந்து கூப்பிடுங்களேன்!"

"எங்க குரலுக்குத் திரும்ப மாட்டான். அன்னிக்கும் நாங்க இதே இடத்துலதான் நின்னோம். காத்து வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாததா, நாம எதுக்கு மூக்கை நுழைக்கணும்னு பேசாம இருந்துட்டோம். அடுத்தவன் விஷயத்துல தலையிடறது இந்த ஊர்ல மரியாதை இல்ல." பெர்னியின் குரல் உடைந்தது. "நீ கூப்பிட்டா வருவான். ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோ. அந்தப் பேருக்கு வர்றவன் அந்தப் பேருக்காரனாத்தான் வருவான்."

மார்லிஸுக்குப் புரிந்தது.

டெல் என்று கூப்பிட்டால் அவன் டெல்லாகவே மூழ்குவான்.

முதல் பெரிய அலை படகைத் தூக்கிப் போட்டது. அவன் சரிந்து விழுந்து, மறுபடி எழுந்தான். துடுப்பு ஒன்று கையை விட்டுப் போனது.

மார்லிஸ் துறையின் கடைசிப் பலகை வரை ஓடினாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஆரின்! ஆரின் ஸ்கோக்லண்ட்! கரைக்கு வா!"

துடுப்பு நின்றது.

எங்கோ பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இறங்கி வந்து அவள் மேல் நின்றன. மிஞ்சிய ஒற்றைத் துடுப்பைப் பின்பக்கம் கொடுத்து, ஒரே இழுப்பில் அவன் படகைத் திருப்பினான். அலையின் முதுகில் ஏறி, சரிந்து, மறுபடி ஏறி, ஏரியையே கரைத்துக் குடித்தவனைப் போல ஓட்டி வந்தான். அவன் துறையைத் தொடவும் கறுப்புக் கோடு வந்து கரையில் அறையவும் சரியாக இருந்தது.

கயிற்றை வீசித் தூணில் கட்டினான். மேலே ஏறினான். நனைந்த மனிதனைப் பார்த்து ஊரே விசும்பியது. கிழவர் அவன் தோளைத் தொட்டுப் பார்த்து, "ஆரின்... டேய்..." என்று குழந்தையாய் அழுதார்.

அவன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு மார்லிஸிடம் வந்தான். அதே கண். அதே வழுக்கை. அவள் முத்தமிட்டுத் தேய்ந்த அதே நெற்றி. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மரியாதையாக நீட்டினான்.

"நீங்கதான் கூப்பிட்டீங்களா, மேடம்? ரொம்ப நன்றிங்க. இங்க யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க." அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "உங்களை இதுக்கு முன்ன பார்த்ததில்லையே. ஊருக்குப் புதுசா?"

தெருமுனையில் கெயிலின் கார் வந்து நின்றது. சாவிக் கொத்தை உயர்த்தி ஆட்டினாள். மார்லிஸ் அதைப் பார்த்தாள். பிறகு தன் முன்னால் நீண்டிருந்த கையைப் பார்த்தாள். பிடித்தாள். கை சூடாக இருந்தது. உயிரோடு இருந்தது.

"ஆமாங்க" என்றாள். "இங்கயே தங்கிடலாம்னு வந்திருக்கேன்."