ஏழாம் அமர்வுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர்

இருபத்து மூன்று நாளாக அவள் கணவர் ஒரு டப்பாவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அவளைக் கட்டிக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த மனிதருக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அன்றைக்குக் காட்டாத நிதானத்தையெல்லாம் இப்போது வட்டியோடு காட்டுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம்.

டப்பா என்றால் ஆம்ப்ளிஃபயர். மேசைமேல் வைக்கிற மாதிரி, தடித்த அகராதி ஒன்றின் பருமனில், கைக்கு அடக்கமான விலையில். அவள் வேலை, விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்வது. ஒன்பது வருடமாக ஹெட்ஃபோனும் கையுமாக, அதாவது ஹெட்ஃபோனும் காதுமாக, குடித்தனம் நடத்தியவள். போன மாதம் வலது காது வீங்கிச் சீழ் வைத்தது. காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. நாலு மாசத்துக்கு ஹெட்ஃபோனைத் தொடக் கூடாது. தொட்டீங்கன்னா அப்புறம் இந்தக் காது கம்மல் மாட்டத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருந்தது. பழைய பாட்டுப் பெட்டியோடு வந்தவை. பெட்டி புகைந்து போய்ச் சேர்ந்தது, ஸ்பீக்கர் இரண்டும் கைம்பெண்களாக அலமாரி மேல் உட்கார்ந்திருந்தன. மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து எதையாவது இழுத்து மாட்டினால், பேச்சுக்கு அடியில் எண்ணெய் கொதிக்கிற மாதிரி ஓர் இரைச்சல். ஆகவே கணினியிலிருந்து எண்களை எண்களாகவே வாங்கி, தானே ஒலியாக மாற்றி, இரண்டு ஸ்பீக்கரையும் ஓட்டுகிற ஒரு டப்பா வேண்டும். இரண்டும் வேண்டும். விசாரணைக் கூடத்தில் அதிகாரி முன்னால் ஒரு மைக், சாட்சி முன்னால் ஒரு மைக். பதிவில் அதிகாரி இடது பக்கம், சாட்சி வலது பக்கம். ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டு பேரும் ஒரே கிணற்றில் விழுந்து கத்துகிற மாதிரி இருக்கும்.

இவ்வளவுதான் தேவை. இதற்கு இருபத்து மூன்று நாள்.

குற்றம் அவருடைய உத்தியோகத்திலும் இருந்தது. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை அவருக்கு. எந்தக் கடைக்காரனின் வாய்ச்சொல்லையும் நம்பக் கூடாது என்பதற்கே சம்பளம் வாங்குகிறவர், டப்பா விற்கிறவனை மட்டும் நம்பிவிடுவாரா?

சனிக்கிழமை காலை, அவளுக்குத் தட்டச்சு வேலை கொடுக்கிற ஏஜென்சியின் மேடம் போனில் வந்தாள். கிடங்கு ஒன்றின் கூரை இடிந்து, சுமை தூக்குகிற இரண்டு பேர் செத்துப்போனது பற்றி ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதில் பதினோரு அமர்வுகளை அவளே தட்டியிருந்தாள்.

"பன்னிரண்டாவது அமர்வு வந்திருச்சு. திங்கட்கிழமை எடுத்துக்கறியா, இல்லையா? இல்லேன்னா புதுசா சேர்ந்த பொண்ணுக்குக் குடுத்துடறேன். அப்புறம் மிச்சமும் அவளுக்குத்தான், சொல்லிட்டேன்."

"எடுத்துக்கறேன் மேடம்."

"காது?"

"அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. எனக்கு ரெண்டு இருக்கு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கணவர் சாப்பாட்டு மேசையில் கோடு போட்ட நோட்டை விரித்து வைத்து, டப்பாக்களின் பெயரை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எது?"

"கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு. இன்னும் ஒன்பதுதான்."

"நேத்து எட்டுன்னீங்க!"

"காலையில புதுசா ஒண்ணு கண்ணுல பட்டுது."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நீங்க டப்பா பாக்கறீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா? நமக்குப் பொண்ணே கிடையாது, ஞாபகம் இருக்கா? திங்கட்கிழமை என் வேலை போகப் போகுது. நீங்க நோட்டுல கோடு போட்டுட்டு இருங்க!"

"கத்தாதேம்மா. இங்க பாரு, இதுல யூஎஸ்பி இருக்குன்னு பெருசா போட்டிருக்கான். உள்ள போய்ப் பாத்தா அது பென்டிரைவ் சொருகற ஓட்டை. கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு சொட்டு எடுக்காது. இன்னொருத்தன் நூறு வாட்டுங்கறான். கூட வர்ற அடாப்டரால அதுல பாதிகூடக் குடுக்க முடியாது. எல்லாரும் நம்ம காதுல பூ சுத்தறானுங்க. இவனுங்க கடைக்கு மட்டும் நான் ஒரு நாள் தராசு பாக்கப் போனேன்னா..."

"அவங்க கடைக்கு நீங்க போக வேண்டாம். ஏதாவது ஒரு கடைக்குப் போங்க!"

"போனா மட்டும்? கடைக்காரன் அவன் பாட்டைப் போடுவான். அவன் பாட்டு எதுல போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். எடை தெரியாத கல்லை வெச்சுத் தராசைச் சோதிக்க முடியாது. தெரிஞ்ச கல்லு வேணும்."

அவள் அடுத்த வசவுக்கு வாயைத் திறந்தவள், அப்படியே நிறுத்தினாள். எரிச்சலிலேயே பெரிய எரிச்சல், இந்த ஆள் எப்போதாவது சரியாகச் சொல்லிவிடுவதுதான்.

"தெரிஞ்ச கல்லு என்கிட்ட இருக்கு. எழுந்திருங்க" என்றாள்.

அந்தக் கல் ஏழாவது அமர்வு. பொதுமக்கள் முன்னால் நடந்தது. பதிவும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வெளியிடப்பட்டது. கிடங்குக் காவலாளியின் சாட்சியம். நாலு நாள் அவள் உயிரை எடுத்த சாட்சியம். மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு வார்த்தையை விழுங்குவார். ஏதாவது ஓர் இடம் புரியவில்லை என்றால் மூன்று முறை கேட்பது, அப்புறம் அந்த இடத்தில் 'தெளிவில்லை' என்று தட்டிவிட்டு மேலே போவது, இதுதான் தொழிலில் முறை. அந்த ஓர் அமர்வில் மட்டும் ஏழு 'தெளிவில்லை.' சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவரைத் திட்டினாள். "வாயில என்னத்த அடக்கி வெச்சிருக்காரோ" என்று நடித்துக் காட்டினாள். முனகல் மாமா என்று பெயரும் வைத்தாள். கணவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கடை ஒடுக்கமாக, தரையிலிருந்து கூரைவரை பெட்டிகளாக இருந்தது. கடைக்காரர் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரைப் பேனா மாதிரி செருகியிருந்தார். இவர்கள் வாயைத் திறப்பதற்குள் ஏதோ ஒன்றை அலற விட்டார். கண்ணாடி அலமாரி நடுங்கியது.

"எப்படிக்கா, நெஞ்சுல குத்துதா?"

"குத்துது. நிறுத்துங்க." அவள் தூக்கி வந்த பையிலிருந்து ஸ்பீக்கர்களை எடுத்து, ஒரு கை தூரத்தில், இடதும் வலதுமாக மேசைமேல் வைத்தாள். மடிக்கணினியைத் திறந்தாள். தட்டிய தாள்களை மடியில் வைத்துக்கொண்டாள். "இதுல மாட்டுங்க."

"என்ன பாட்டுக்கா கொண்டாந்திருக்கீங்க?"

"பாட்டு இல்ல. ஒரு வாட்ச்மேன்."

கடைக்காரர் கணவரைப் பார்த்தார். கணவர், எனக்குப் பழகிவிட்டது என்பது போலத் தலையை ஆட்டினார்.

முதல் டப்பாவில் நீல விளக்கு மின்ன, இரண்டு முள் ஆடின. பேச்சுக்கு நடுவே அமைதி வந்தபோது ஸ்ஸ் என்று ஒரு சீறல். அறைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் கேட்காது. மேசையில் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் கேட்டால் பைத்தியம் பிடிக்கும். "எடுங்க" என்றாள். இரண்டாவதில் இருந்தது பென்டிரைவ் ஓட்டை. கடைக்காரர் அசராமல் கணினியின் ஹெட்ஃபோன் துளையில் ஒரு ஒயரைச் செருகப் போனார். "ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

"ஒண்ணு இல்ல" என்று கணவர் எழுந்து நின்றார். இருபத்து மூன்று நாளாக அவர் காத்திருந்த வேளை அது. பத்து நிமிடம் விளக்கினார். அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் உள்ளே வந்து, கேட்டு, வெளியே போய்விட்டார்கள்.

"ஐயா சாமி, ஆளை விடுங்க" என்று கடைக்காரர் மேல் தட்டிலிருந்து மூன்றாவதை இறக்கினார். கறுப்பு டப்பா. ஒரே ஒரு குமிழ், பின்னால் கணினிக்கு ஒரு ஒயர், ஸ்பீக்கருக்கு நாலு திருகு. "இது சும்மா, புதுசா ஆரம்பிக்கறவங்க வாங்கறது. பாக்கறதுக்கும் ஒண்ணும் இருக்காது."

"நான் பாக்க வரல."

பதிவை ஓட விட்டாள். அமைதி அமைதியாக இருந்தது. இடது பக்கம் அதிகாரியின் நாற்காலி கிறீச்சிட்டது, தாள் புரண்டது, அவர் கேள்வி கேட்டார். வலது பக்கம் காவலாளி பதில் சொன்னார்.

முனகவில்லை.

மெலிந்த குரல். கொஞ்சம் பயந்த குரல். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து மேசைமேல் உட்கார்ந்தது. அவள் தாளைப் புரட்டினாள். நாலாவது 'தெளிவில்லை' இருந்த இடம். அங்கே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "கூரையில விரிசல் விட்டிருக்குன்னு மூணு தடவை சொன்னேங்க. சின்ன முதலாளிகிட்ட ரெண்டு தடவை, பெரியவர்கிட்ட ஒரு தடவை. யாரும் எழுதிக்கல."

பின்னால் இழுத்து மறுபடி கேட்டாள். மறுபடியும். தாளில் அந்த இடத்தில் ஒரே ஒரு சொல், அதற்கு அடுத்த வரி, "சரி, வேற ஏதாவது உண்டா?" என்ற அதிகாரியின் கேள்வி. கூடத்தில் இருந்தவர்கள் காவலாளி பேசியதைக் கேட்டிருப்பார்கள். ஆனால் அறிக்கை எழுதப்போகிறவர் கையில் இருப்பது அவள் தட்டிய தாள்தான். அந்தத் தாளின்படி காவலாளி யாரையும் எச்சரிக்கவே இல்லை.

கணவர் அவள் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டார். "தராசு சரியாத்தான் இருக்கு" என்றார், மெதுவாக. "கல்லுதான்..."

அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கினார்.

அவளுக்கே புரிந்துவிட்டது. சாட்சியின் குரல் வலது பக்கம். ஹெட்ஃபோன் அதை அவளுடைய வலது காதில் மட்டும் ஊற்றியது. இன்றைக்கு நேற்று வந்ததில்லை என்று டாக்டர் சொன்ன காது. இப்போது ஸ்பீக்கரில் அதே குரல் இரண்டு காதுக்கும் வருகிறது. செவிட்டுத்தனத்தைத் தான் வைத்துக்கொண்டு, பேர் மட்டும் அந்த மனிதருக்கு வைத்திருக்கிறாள்.

கோபம் மண்டைக்கு ஏறியது. முதலில் ஹெட்ஃபோன் மேல். அப்புறம் நோட்டில் கோடு போட்டே நாளைக் கடத்திய கணவர் மேல். அப்புறம், ஏன் இதை முதலிலேயே எடுத்துக் காட்டவில்லை என்று கடைக்காரர் மேல். எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் அவளிடமே வந்து உட்கார்ந்தது.

"என்னக்கா, பிடிக்கலையா? வேற காட்டட்டுமா?"

"இதையே கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

மேடம் முழுவதும் கேட்டாள். பெருமூச்சு விட்டாள். "ஏழாவது போய் ரெண்டு மாசம் ஆச்சும்மா. கையெழுத்தெல்லாம் ஆயிருச்சு. யாராவது குறை சொன்னாங்களா?"

"நான் சொல்றேனே மேடம்."

"உனக்கென்ன பைத்தியமா? ஏழாவதுக்குத் திருத்தம் அனுப்பினா, மத்த பத்தும் ஒழுங்கான்னு கேப்பாங்க. பதினொண்ணையும் முதல்ல இருந்து கேக்கணும். அதுக்குக் கூலி யாரு குடுப்பா? நான் குடுக்க மாட்டேன்."

"நீங்க குடுக்க வேண்டாம்."

"அப்ப பன்னிரண்டாவது?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டப்பா கையில் இருக்கிறது, காது இருக்கிறது, திங்கட்கிழமை உட்கார்ந்தால் வேலை அவளுடையது. அந்த நாலாவது 'தெளிவில்லை' ஒரே ஒரு சொல், முன்னாலும் பின்னாலும் பக்கம் பக்கமாகத் தாள். யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. இரண்டு பேர் செத்திருக்கிறார்கள்.

"அந்தப் பொண்ணுக்கே குடுத்துருங்க" என்றாள். "மேடம், அவளை முதல்ல ஒரு காது டாக்டர்கிட்டப் போகச் சொல்லுங்க. நல்லா இருந்தாலும் போகச் சொல்லுங்க."

வண்டியில் திரும்பும்போது டப்பா அவள் மடியில்.   மூன்றாவது சிக்னலில் வண்டி நின்றபோது கணவர், "நானும் சேர்ந்துதானே சிரிச்சேன்" என்றார்.

"நீங்க சிரிச்சீங்க. நான் தட்டினேன். ரெண்டும் ஒண்ணு இல்ல. பச்சை விழுந்திருச்சு, போங்க."

விசாரணை அதிகாரிக்குத் திருத்தக் கடிதம் அன்று மாலையே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலோர மேசையில் ஏழாவது அமர்வைப் புதிதாக ஆரம்பித்தாள். மத்தியானத்துக்குள் ஐந்து இடங்கள் நிரம்பின. ஆறாவதில் வெளியே ஏதோ லாரி ஹாரன். அது நிஜமாகவே தெளிவில்லை. அப்படியே தட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் என்ன வேலை என்று சொல்வது, கூலி இல்லாத வேலைக்கு எட்டு மணி நேரமா என்றெல்லாம் உள்ளுக்குள் இன்னும் பொருமிக்கொண்டுதான் இருந்தாள். பொருமலோடேயே தட்டினாள். விரல்களுக்கு அது தடையாக இல்லை.

கணவர் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றார். தட்டை வைக்க இடம் பார்த்தார். அப்புறம் கை துறுதுறுக்க, டப்பாவின் குமிழ் பக்கம் போனது.

"சத்தம் போதுமா? இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாரேன்."

"கையை எடுங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர் பேசிட்டிருக்கார்."