மசினா வரும்வரை

"ஊசி வேண்டாம்." கணவன் பெனியமினாவின் முழங்கை மடிப்பை ஃபுவாத்தினோ உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

நர்ஸ் லங்கி, மருந்தேற்றிய ஊசியைத் தட்டில் வைத்தாள். "கையை எடுங்கக்கா. புண்ணோட விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. டாக்டர் நேத்துலேருந்து கெஞ்சுறாரு."

"மசினா வைத்தியச்சி வரட்டும். ஆவி தொட்ட நம்ம ஊர் நோய் இல்லைன்னு அவ சொன்னா போடு."

"ரெண்டு பொம்பளைங்க என் கைக்கு அடிச்சுக்கிறீங்க." பெனியமினா கண் திறக்கவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி ஒருத்தியும் சீந்தல."

"நீங்களாவது சொல்லுங்கண்ணே."

"என் பொண்டாட்டி சொல்றதுதான்."

ஆவி தொட்ட உடம்பில் ஊசி இறங்கினால் உயிர் தங்காது. ஃபுவாத்தினோவின் அண்ணனுக்கு இதே வார்டில்தான் போட்டார்கள். அன்று மாலையே போய்விட்டான். பெனியமினாவின் காலில் கத்தி பட்டது சேப்பங்கிழங்குத் தோட்டத்தில். ஆனால் தோட்டத்து ஓரத்தில் ஒரு பழைய கல்லறை இருந்தது.

தொட்டுப் பார்க்காமல் மசினா எதுவும் சொல்லமாட்டாள். கடல் கொந்தளித்ததால் அவள் இருக்கும் சவாயீ தீவிலிருந்து காலைப் படகு கிளம்பவில்லை. மதியப் படகில்தான் வந்தாள், ஈரப் பாவாடையோடு. அதற்குள் அவன் பேச்சு குழறியிருந்தது.

அவன் வயிற்றையும் தொடையிடுக்கையும் மசினா அமுக்கிப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதுல நம்மது ஒண்ணுமில்ல. டாக்டர் பார்க்க வேண்டிய நோய். ஏன்டி இன்னும் ஊசி போடல?"

ஃபுவாத்தினோ கையை எடுத்தாள்.

லங்கி மூன்று இடத்தில் குத்தினாள். நரம்பு அகப்படவில்லை. மசினா பையிலிருந்து தேங்காயெண்ணெயை எடுத்து, தோளிலிருந்து மணிக்கட்டுவரை வழித்துத் தேய்த்தாள்.

"இன்னும் அழுத்துங்க சித்தி."

"நீ குத்துறதைப் பாரு."

மணிக்கட்டருகே மெல்லிய நீலக்கோடு ஒன்று எழும்பியது. ஊசி ஏறியது. மருந்து முழுவதும் உள்ளே போயிற்று. அடுத்த வேளை மருந்துக்காக லங்கி ஊசியை அங்கேயே ஒட்டிவைத்தாள். "பாத்தியா," என்றாள் மசினா, யாரிடம் என்றில்லாமல்.

அவன் மூச்சு நீளமாயிற்று. பிறகு இடைவெளி நீண்டது. டாக்டர் ஓடிவந்து மார்பை அமுக்கினார். வெகுநேரம் கழித்து நிமிர்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மசினா இன்னும் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை நிறுத்தவில்லை.

லங்கி ஊசியை உருவி, அந்த இடத்தில் பஞ்சை வைத்தாள். "பிடிச்சுக்கோங்கக்கா," என்றாள் பழக்கத்தில். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஃபுவாத்தினோ அழுத்திப் பிடித்தாள். பஞ்சு சிவக்கவில்லை. எண்ணெயில் விரல் வழுக்கியது. மறுபடி சரியாக வைத்துப் பிடித்துக்கொண்டாள்.